ஊதாத விசில்

அண்ணியும் நாத்தனாரும் இருந்தது ஒரே வீடு, வேலை பார்த்தது ஒரே தொழிற்சாலை, ஒரே ஷிப்ட். அண்ணி மெஷின் ஓட்டினாள். பிளாஸ்டிக் குருணையை உருக்கி, அச்சுக்குள் அழுத்தி, ஆறியதும் வெளியே தள்ளிவிடும் மெஷின். அச்சு ஒரு தடவை திறந்தால் எட்டு மஞ்சள் விசில் பொலபொலவென்று விழும். பக்கத்து மேஜையில் நாத்தனார் அவற்றுக்கு மூடி பொருத்தி, பத்துக்கு ஒன்றைக் காற்றுக் குழாயில் வைத்துச் சோதிப்பாள்.

அன்று மூடிகள் வந்துசேரத் தாமதமானது. அதற்குள் மேஜையில் விசில்கள் குவிந்துவிட்டன. நாத்தனார் முதல் விசிலைச் சோதித்ததுமே வம்பு பிறந்தது.

"அண்ணி, இது ஊதல."

"குழாய்ல காத்து கம்மியா இருக்கும்."

"இதுவும் ஊதல."

அண்ணிக்குச் சுருக்கென்றது. வீட்டில் மடித்து வைத்த துணியை உதறித் திரும்ப மடிக்கிறவள், இங்கேயும் ஆரம்பித்துவிட்டாளா?

"குடு இப்படி!" என்று பிடுங்கி, வாயில் வைத்து மூச்சைப் பிடித்து ஊதினாள். புஸ்ஸென்று காற்று போனது. கன்னம் உப்பியதுதான் மிச்சம். நாத்தனார் சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அண்ணி விசிலை வெளிச்சத்தில் பிடித்தாள். காற்றைக் கிழிக்கும் மெல்லிய விளிம்பு மயிரிழை அளவுக்கு உள்ளே வளைந்திருந்தது. மதியத்துக்குள் வேலையை முடித்துவிடலாம் என்று, அச்சுக்குள் ஆறவிடும் நேரத்தைப் பதினான்கு வினாடியிலிருந்து ஒன்பதாகக் குறைத்தவள் அவள்தான். அரைகுறையாக ஆறிய பிளாஸ்டிக், விழுந்த வேகத்திலேயே வளைந்திருக்கிறது.

மெஷினை நிறுத்தினாள். அந்த நேரம் பார்த்து ஃபோர்மேன் வந்தார்.

"என்னம்மா, ஏன் நிக்குது?"

"அச்சுல ஏதோ கோளாறு சார்," என்று நாத்தனார் முந்திக்கொண்டாள்.

"அச்சு மேல பழி போடாத," என்றாள் அண்ணி. "நான்தான் சார் ஆற விடுற நேரத்தைக் குறைச்சேன். அவசரப்பட்டுட்டேன்."

ஃபோர்மேன் குவியலைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"நல்லவேளை, திரும்ப உருக்கினா உருகுற சரக்கு. அரைச்சு, புதுக் குருணையோட கொஞ்சம் கொஞ்சமா கலந்து ஓட்டு. இனிமே கை வைக்கறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேளு."

அவர் தலை மறைந்ததும் அண்ணி கேட்டாள்: "எனக்காக எதுக்குடி பொய் சொல்லப் போன?"

"நீங்க இங்க திட்டு வாங்கினா வீட்டுல அண்ணன் மேல எரிஞ்சு விழுவீங்க. அண்ணன் என் மேல எரிஞ்சு விழுவாரு. எனக்கு எதுக்கு வம்பு?"

அண்ணி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

நேரத்தைப் பழையபடி பதினான்காக்கி ஓட்டினார்கள். விழுந்த எட்டில் ஒன்றுக்கு மூடி பொருத்தி, நாத்தனார் அதைக் குழாயில் வைக்காமல் அண்ணியிடம் நீட்டினாள். அண்ணி இருந்த மூச்சையெல்லாம் திரட்டி ஊதினாள்.

காதைப் பிளந்தது சத்தம். வாசலில் லாரியைப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்த டிரைவர் சடக்கென்று பிரேக் போட்டு, "யாருய்யா நிறுத்தச் சொன்னது?" என்று கத்தினார்.

இருவரும் மேஜைக்குக் கீழே குனிந்துகொண்டார்கள்.