மூடி போட்ட சத்து

"கிரீம் தோலுக்குள்ள போய் என்னம்மா பண்ணும்?" என்று மகள் ஒருநாள் கேட்டாள். முகக்கிரீம் தயாரிக்கும் கூடத்தில் பல வருஷம் வேலை பார்க்கும் அக்காவுக்குப் பதில் தெரியாமல் இல்லை. அலுப்பு. "போய்ப் படி" என்று விரட்டிவிட்டாள். அதே கூடத்தில் வேலை பார்த்து, அதே வீட்டில் தங்கியிருந்த தங்கைதான் பிள்ளையை மடியில் இழுத்துக்கொண்டாள்.

"வெறும் வைட்டமின் சி, வெட்டி வச்ச ஆப்பிள் மாதிரி. காத்துப் பட்டாப் பழுப்பாயிடும். அதான் தலையில ஒரு மூடி மாட்டி அனுப்பறாங்க. கொஞ்சம்தான் உள்ள போகும். தோலே அந்த மூடியைக் கழட்டிக்கும். அப்புறம்தான் சத்து வேலைக்கு ஆகும், தோலை உறுதியாக்கும்."

"தோலுக்குக் கை இருக்கா சித்தி?"

"உங்கம்மா கோவம் மாதிரிடி. கண்ணுக்குத் தெரியாது, ஆனா வேலை செய்யும்."

அன்றிலிருந்து பிள்ளைக்கு எதற்கெடுத்தாலும் சித்திதான். அக்காவுக்கு வயிறு எரிந்தது. தங்கைக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே அவள்தான். போதாக்குறைக்கு, அந்த மூடி போட்ட சத்தை நம் கிரீமிலும் சேர்க்கலாம் என்று தங்கை சொல்லப்போக, முதலாளியம்மா எல்லார் முன்னாலும் மெச்சிவிட்டு அக்காவிடம் சொன்னார்: "ஒரு மாசம் சூட்டுப் பெட்டியில நிறம் மாறாம இருக்கட்டும். அப்புறம் இங்க உங்க தங்கச்சி சொல்றதுதான்." அக்கா சிரித்தாள். பல் மட்டும் சிரித்தது.

சோதனைக் கிரீம் தயாரான மதியம் தங்கை கூப்பிட்டாள். "வாக்கா, சாப்பிட்டு வந்து பெட்டியில வச்சுக்கலாம்."

"நீ போடி. எனக்குப் பசிக்கலே."

கூடம் காலியானதும் அக்கா அமிலம் அளக்கும் மீட்டரைக் கிரீமில் நட்டுப் பார்த்தாள். அமிலம் ஏறிக் கிடந்தது. வெறும் வைட்டமினுக்கு அமிலம் வேண்டும். மூடி போட்டதற்கு ஆகாது. தோலைத் தொடுமுன்பே, பெட்டிச் சூட்டிலேயே மூடி கழன்றுவிடும். பழைய கிரீமுக்கு அக்கா பழக்கிவிட்ட தங்கையின் கை, யோசிக்காமல் சிட்ரிக் அமிலத்தை அள்ளிப் போட்டிருந்தது.

அவள் எதுவும் செய்ய வேண்டியதில்லை. சும்மா இருந்தால் போதும், ஒரு மாதத்தில் கிரீம் தானே பழுப்பாகிவிடும். நெஞ்சு ஒரு கணம் இனித்தது. அந்த இனிப்பைக் கண்டு அவளுக்கே பயம் வந்தது.

போன வருஷம் அவள் சூட்டைக் கூட்டி வைத்து ஒரு அண்டா கிரீம் பாழானபோது, "நான்தான் கவனிக்கலே" என்று முன்னால் போய் நின்றவள் தங்கை. திட்டை வாங்கிக்கொண்டாள். பிறகு ஒருநாளும், சண்டையில்கூட, அதைச் சொல்லிக்காட்டியதில்லை.

"ஆண்டவனே, என் கையைப் பிடிச்சுக்கோ" என்று முணுமுணுத்தபடி அமிலத்தை முறிக்கும் காரக் கரைசலை எடுத்தாள். சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்கினாள். அமிலம் இறங்க இறங்க மீட்டரின் எண் தயங்கித் தயங்கி ஏறி, மூடி கழலாத ஏழில் நின்றது. சிட்ரிக் டப்பாவை, யோசிக்காமல் கை போகமுடியாத மேல்தட்டில் தள்ளி வைத்தாள். கண்ணாடிக் குச்சியைக் கழுவித் துடைத்தாள்.

மாடியில் சாப்பாட்டுப் பாத்திரங்களின் சத்தத்துக்கு நடுவே தங்கையின் சிரிப்பு கேட்டது. கீழே, குச்சி கிளப்பிய சுழி மெல்லத் தணிந்து, கிரீம் வெள்ளை வெளேரென்று சமமாகிக்கொண்டிருந்தது.