மூன்றாவது சுழி

ஆனையின் மனைவி எனக்குத் தரவேண்டியது மூவாயிரத்து நானூறு. முன்பணம் ஆயிரத்து அறுநூறு போக மீதி. இரண்டு வருடமாக அந்தத் தொகையை நான் மறக்கவில்லை. பிறரையும் மறக்க விடவில்லை.

ஆனை என்பது அவள் கணவனின் பட்டப்பெயர். அவன் ஏறி உட்கார்ந்தால் மோட்டார் சைக்கிள் பொம்மை வண்டி மாதிரித் தெரியும். வீடு வீடாகப் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை. ஒருநாள் நெஞ்சுவலி என்று படுத்தவன் எழுந்திருக்கவில்லை. அதே வண்டியில் அதே வேலைக்கு அவள் போனாள். மூன்றாம் மாதம், என்ஜினின் பக்கமூடியைக் கழற்றித் துணியில் சுற்றிக்கொண்டு எங்கள் கொட்டகைக்கு வந்தாள்.

கொட்டகை மெக்கானிக்குடையது. அதில் ஒரு மூலை எனக்கு. காலையில் இரும்புக் கிடங்கில் சுமை தூக்குவேன். சாப்பிட்ட பிறகு இங்கே வந்து உட்கார்ந்து வண்டிப் பாகங்களில் உளியால் கொடி வேலைப்பாடு வெட்டுவேன். தோள் ஒரு வேலைக்கு, விரல் ஒரு வேலைக்கு. என் பெயர் யாருக்கும் தெரியாது, உளி என்றுதான் கூப்பிடுவார்கள்.

அவள் ஒரு துண்டுச் சீட்டை நீட்டினாள். "நடுவுல இந்தப் பேரு வரணும்ணே. சுத்தி நீங்க வழக்கமா போடுற கொடி" என்றாள். நான் சீட்டைத் தூரமாகப் பிடித்து, பக்கத்தில் பிடித்து, தலையை ஆட்டினேன். எனக்கு அப்போது ஓர் எழுத்தும் தெரியாது. தெரியாது என்பதும் வீட்டுக்கு வெளியே யாருக்கும் தெரியாது. எழுத்தும் எனக்குக் கொடிதான். பார்த்தால் அப்படியே போட்டுவிடுவேன்.

மூடிக்கு வெள்ளை தடவி, பென்சிலால் ஒரே மூச்சில் நீளமாக ஒரு வளைவு இழுத்தேன். அதுதான் தண்டு. தண்டு ஒழுங்காக ஓடினால்தான் இலையும் சுழியும் உட்காரும். பிறகு நடுவில் எழுத்தை வரைந்தேன். இடது பக்கம் கனமாக இருந்தது, வலது பக்கம் மெலிந்து கிடந்தது. பல்லுப் போன வாய் மாதிரி இருந்தது. கடைசி எழுத்தில் இரண்டு சுழி. இன்னொன்று சேர்த்தேன். இப்போது தராசு நின்றது. அலுமினியம் உளியில் பிசின் மாதிரி ஒட்டும். மண்ணெண்ணெயில் தொட்டுத் தொட்டு ஆறு நாள் வெட்டினேன். அந்த மூன்றாவது சுழி மட்டும் வெண்ணெயில் கத்தி போவது போலப் போனது.

வேலை முடிந்து அவள் வாங்க வந்த அன்று கொட்டகையில் நாலைந்து பேர் இருந்தார்கள். துணியை விலக்கி, "எப்படி இருக்காரு உங்க ஆனை?" என்று எல்லார் முன்னாலும் கேட்டேன். அவள் ஒற்றை விரலால் எழுத்தைத் தடவினாள். என் முகத்தைப் பார்த்தாள். மறுபடி மூடியைப் பார்த்தாள். மீதியை அடுத்த வாரம் தருகிறேன் என்று சொல்லி எடுத்துப் போனாள். அந்த அடுத்த வாரம் வரவே இல்லை.

இரண்டு முறை ஆள் அனுப்பினேன். பதில் இல்லை. எங்கள் தெரு வழியாகப் போவதையே விட்டுவிட்டாள். புருஷன் செத்ததைச் சொல்லி ஊரை ஏமாற்றுகிறவள் என்று கொட்டகையில் சொன்னேன். ஒரு முறை இல்லை, வருகிறவன் போகிறவனிடமெல்லாம்.

போன வருடம் கிடங்கில் புதிதாக ஒரு வழக்கம் வந்தது. எந்த மூட்டை எந்த லாரிக்கு என்பதைச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். வேறு வழியில்லாமல் மனைவியிடம் படிக்க உட்கார்ந்தேன். அவள் தையல்காரி. வெட்டுப் பலகையில் தையல் சுண்ணாம்பால் எழுதிக் காட்டுவாள். இத்தனை வருடம் நான் சொன்னதைக் கேட்டவள், இப்போது வட்டியும் முதலுமாக வாங்கினாள். "உளி பிடிக்கிற கைக்கு ஒரு 'ழ' வரல பாரு" என்பாள்.

'ன'வுக்கு வந்தோம். தெரிந்த சொல் ஏதாவது எழுதச் சொன்னாள். ஆறு நாள் வெட்டிய சொல் கை மறக்குமா? பெருமையாகப் போட்டேன்.

அவள் எட்டிப் பார்த்தாள். "ஆணையா? யாரு யாருக்குப் போட்ட ஆணை?"

"ஆனைடி. தும்பிக்கை ஆனை."

"அதுக்கு ரெண்டு சுழிங்க. நீங்க மூணு போட்டிருக்கீங்க. இது கட்டளை போடுற ஆணை."

"ஒரு சுழி கூடிட்டா என்ன, குறைஞ்சா என்ன?"

"உங்க கொடிக்கு ஒண்ணுமில்ல. எழுத்துக்கு ஆளே மாறிடும்."

நான் எழுந்து டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். முடித்த வேலை ஒவ்வொன்றையும் கரி தடவிக் காகிதத்தில் ஒற்றி வைத்துக்கொள்வேன். கூடவே வேலை கொடுத்தவர்கள் தந்த சீட்டும் இருக்கும். தேடி எடுத்தேன். சீட்டில் இரண்டு சுழி. ஒற்றியதில் மூன்று. மனைவி இரண்டையும் பார்த்துவிட்டுச் சுண்ணாம்பைக் கீழே வைத்தாள். சிரித்திருந்தால்கூடத் தேவலை.

மறுநாள் சுமை தூக்கும்போது தோள் வலிக்கவே இல்லை. வலி வேறு இடத்தில் இருந்தது. ஆயிரத்து அறுநூறை எடுத்துக்கொண்டு பார்சல் ஆபீஸ் வாசலில் போய் நின்றேன். அவள் வண்டியில் மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். மூடி வண்டியில்தான் இருந்தது. துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தாள்.

எனக்கு இப்போது படிக்கத் தெரியும் என்றேன். அதற்கு மேல் விளக்க வேண்டியிருக்கவில்லை. அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"அத்தனை பேர் நடுவுல நின்னீங்கண்ணே. சீட்டைப் பார்த்து வெட்டியும் தப்புன்னா என்ன அர்த்தம்னு எனக்குப் புரிஞ்சுது. சொல்ல வாய் வரல. அவர் பேரில்லாத ஒண்ணுக்குக் காசு குடுக்கவும் கை வரல." கயிற்றை இறுக்கி முடிச்சுப் போட்டாள். "உசிரோட இருந்தவரைக்கும் யாருக்கும் ஒரு ஆணை போட்டதில்ல அவரு. இப்ப என் கால் பக்கத்துல உக்காந்து போட்டுக்கிட்டே இருக்காரு."

சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தச் சுழியைச் சுரண்டி எடுத்து மெருகு போட்டுத் தருகிறேன் என்றேன். வேண்டாம், பழகிவிட்டது என்றாள். பணத்தை நீட்டினேன். அதையும் வாங்கவில்லை.

"ஏமாத்துக்காரின்னு சொன்னீங்க. அது எங்க வீடு வரைக்கும் வந்துச்சு. அதை எங்க சொன்னீங்களோ அங்கேயே போய் எடுத்துடுங்க. எனக்கு அது போதும்."

அதற்கு ஆயிரத்து அறுநூறு எவ்வளவோ மலிவு. ஏமாற்றுகிறவள் இல்லை என்று சொன்னால், பிறகு ஏன் தரவில்லை என்று கேட்பார்கள். அதற்கு ஒரே பதில்தான் உண்டு. ஐம்பது வயது வரை நான் ஒளித்து வைத்த பதில்.

அன்று பிற்பகல் கொட்டகைக்கு அவளும் வந்தாள். ஹெல்மெட்டைக் கழற்றாமல் வாசலில் வண்டியோடு நின்றாள். மெக்கானிக் இருந்தார், நம்பர் பிளேட் எழுதுகிறவர் இருந்தார், டயர் மாற்ற வந்த இரண்டு பேர் இருந்தார்கள். பாகத்தை இறுக்கிப் பிடிக்கும் வைஸை நான் பிடித்துக்கொண்டு சொன்னேன். இந்த அம்மா என்னை ஏமாற்றவில்லை, எனக்குப் படிக்கத் தெரியாமல் பேரைத் தப்பாக வெட்டினேன், குற்றம் என்னுடையது.

பிளேட் எழுதுகிறவர் எழுந்து போய், குனிந்து மூடியைப் பார்த்தார்.

"அன்னிக்கே பார்த்தேன் உளியண்ணே. ஏதோ அரசாங்க வண்டி போல, நமக்கென்னன்னு இருந்துட்டேன்."

மெக்கானிக் மெதுவாகத் தன் வண்டிப் பக்கம் நகர்ந்தார். அதன் டேங்க் மூடியில் அவர் மகள் பெயரை வெட்டிக் கொடுத்தது நான்தான். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு எழுத்து எழுத்தாக வாய்விட்டுப் படித்தார். "பொழைச்சோம்" என்றார். அப்புறம்தான் எல்லாரும் சிரித்தார்கள். நானும்.

வாசலில் நின்றவள் ஹெல்மெட்டின் முகக் கண்ணாடியை ஏற்றிவிட்டாள்.

"கணக்கைக் கழிச்சிடுங்கண்ணே" என்றாள்.

"கழிச்சாச்சும்மா."

அவள் வண்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டு, இரண்டு வருடத்துக்குப் பிறகு எங்கள் தெரு வழியாகவே போனாள்.