அதுவும் மருந்துதானே

"அதுவும் மருந்து, இதுவும் மருந்து. கையாலே கலக்கினா என்னவாம்?" என்றாள் மங்கலம், முந்தானையால் நெற்றி வேர்வையைத் துடைத்தபடி. "போன மாசம் மலேரியாக்காரன் சுவரெல்லாம் வெள்ளைப்பொடி அடிச்சிட்டுப் போனானே, அதையும் இந்தக் கையாலேதான் வழிச்சேன்."

வேலப்பன் காப்பித் தம்ளரைக் கீழே வைத்தான். விவசாய ஆபீஸ் குமஸ்தாவான அவன்தான், கரமனை ஆற்றோரத்து வயலில் கதிரைச் சப்பும் பூச்சிக்கென்று அந்தப் புதுக் குப்பியைக் கொண்டுவந்தான். மருந்து என்று மட்டும் மனைவியிடம் சொல்லி வைத்திருந்தான்.

"இது வேறே, மங்கலம். பழைய பாஷாணம்னா பூச்சி இலையைத் தின்னாத்தான் சாகும். வெள்ளைப்பொடியிலே அது கால் வெச்சாலே போரும். நமக்குக் கையிலே பட்டா உடனே ஒண்ணும் ஆகாது. ஆனா இந்தக் குப்பி மருந்து தோல் வழியா இறங்கி நரம்பைப் பிடிக்கும். பூச்சி, மனுஷன்னு பார்க்காது."

"பயங்காட்டாதேங்கோ. ரெண்டு தரம் சோப்புப் போட்டுக் கழுவியாச்சு."

சிரித்தாள். கடைவாயில் எச்சில் வழிந்தது அவளுக்கே தெரியவில்லை.

விஷம் ஏறினால் வேர்க்கும், எச்சில் ஒழுகும், கண்பாவை சுருங்கும் என்று குப்பியோடு வந்த தாளில் படித்தது வேலப்பனுக்கு ஞாபகம் வந்தது. அவள் மோவாயை நிமிர்த்திப் பார்த்தான். கண்ணின் பாவை கடுகாகச் சுருங்கியிருந்தது. ஆசுபத்திரிக்கு வண்டி பிடிக்க எழுந்தவனின் கையை அவள் பிடித்துக்கொண்டாள்.

வெளியே உச்சி வெயில் கொளுத்தியது. ஜன்னல் இரண்டும் விரியத் திறந்தே கிடந்தன.

"மழை வரப்போகுதா? ஒரே இருட்டா இருக்கே," என்றாள் மங்கலம். "அந்த ஜன்னலைக் கொஞ்சம் திறந்து விடுங்கோ."