நாச்சியார் அவிழ்த்த ஃப்ளெக்ஸ்

1

இது கட்டுரையாகத்தான் தொடங்கியது. திருவனந்தபுரத்தில் வேதியியல் கற்பித்து ஓய்வுபெற்றவள் நான். ஒரு பள்ளி மலருக்கு 'அன்றாட வாழ்வில் வினைல்' பற்றி எழுதித் தரச் சொன்னார்கள். உட்கார்ந்தேன்.

'வினைல் குளோரைடு என்னும் வாயுவின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கைகோத்து…'

(இதற்குமேல் போகவில்லை.)

அந்த வாரம் மகள் ஸ்ரீலக்ஷ்மியின் பிரசவத்துக்காக மருத்துவமனையில் இருந்தேன். மெத்தையின் ரெக்ஸின் உறை, சொட்டுமருந்துக் குழாய், ரத்தப் பை எல்லாமே வினைல்தான். அடுத்த கட்டிலில் ஜெபமலர், பொன்முடி தேயிலைத் தோட்டத்துப் பெண். அவளுக்குத் துணையிருந்தவர் நாச்சியார். உறவில்லை, தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் பக்கத்து வீடு. ஜெபமலர் இங்கே வந்துசேர்ந்த விதத்தை நாச்சியார் சொன்னார். கட்டுரை அதோடு நின்றது.

2

'அன்று பொன்முடியில் மழை…'

(மழையில் தொடங்கும் கதைகள் போதும் என்று அடித்துவிட்டேன். ஆனால் பெய்தது மழைதானே?)

மண் சரிந்து சாலை அடைபட்டிருந்தது. குறித்த நாளுக்கு முன்பே ஜெபமலருக்கு வலி வந்துவிட்டது, ரத்தமும் போனது. ஆம்புலன்ஸ் சரிவுக்குக் கீழேயே நின்றுவிட்டது. தூக்கிக்கொண்டுதான் இறங்க வேண்டும். போர்வையில் கிடத்தித் தூக்கியதும் அது கிழிந்தது. கூரைத் தார்ப்பாய்கள் ஏற்கெனவே நைந்தவை. உறுதியாக இருந்தது லயத்து முனையில் கட்டியிருந்த இரங்கல் ஃப்ளெக்ஸ் மட்டும்தான். அதில் சிரித்துக்கொண்டிருந்தவர் லிங்கம், தோட்டத்து ஜீப் ஓட்டுநர். நாச்சியாரின் கணவர். போன மாதம் இறந்தவர்.

எல்லோரும் அதைப் பார்த்தார்கள், அவிழ்க்கத் தயங்கினார்கள். பிள்ளை பெறப் போகிறவளைச் செத்தவர் படத்திலா கிடத்துவது? அதுவும் அவர் மனைவி எதிரே நிற்கும்போது?

நாச்சியாரே போய் முடிச்சை அவிழ்த்தார்.

ஜெபமலரின் கணவன் ஜெபசிங் பதறினான். "அக்கா, அது அண்ணன் படம்லா…"

"படந்தானேடே. ஆளு இருந்திருந்தா இந்நேரம் சும்மா நிப்பாரா? மூலையைப் பிடி."

இரண்டு ஓரங்களையும் மூங்கில்களில் சுருட்டிப் பிடித்தார்கள்.

3

இங்கே எனக்கு ஒரு சந்தேகம். நாச்சியார் இவ்வளவு நல்லவராக இருந்தால் நீங்கள் நம்புவீர்களா? எனக்கே முழுதாக நம்பிக்கை வரவில்லை. அதனால் அவரிடமே கேட்டேன்.

"உங்களுக்கு வருத்தமா இல்லையா?"

"இல்லாம பின்னே, டீச்சரே? மொகத்தை மேல பாக்க வச்சா இவ ரத்தம் படும். கீழ பாக்க வச்சா பாறையில ஒரசும். கொடுக்க வேண்டாம்னுகூட தோணிச்சு. அப்பதான் இவ என் கையைப் பிடிச்சா."

மேலே பார்க்கவே வைத்தார். கணவரின் முகத்தின் மீது ஜெபமலரைக் கிடத்தி, சரிவு முழுக்க அவள் கையை விடாமல் கூடவே நடந்தார்.

[அடிக்குறிப்பு: ஃப்ளெக்ஸும் வினைல்தான். மட்காது, எரித்தால் நச்சுப் புகை வரும். வகுப்பில் அதைத் திட்டியே தீர்த்திருக்கிறேன். இப்போதும் அதில் மாற்றமில்லை. ஆனால் அன்று அது கிழியவில்லை.]

4

அடிவாரத்து வித்துரா மருத்துவமனையில் முதலுதவி செய்து நகரத்துக்கு அனுப்பினார்கள். பெண் குழந்தை. முகம் தெரியாத யாரோ கொடுத்த ரத்தம் ஜெபமலருக்கு ஏறியது. இருவரும் பிழைத்தார்கள்.

முடிவு அ: குழந்தைக்கு லிங்கத்தின் நினைவாகப் பெயர் வைக்கிறார்கள். (இது என் ஆசை. ஜெபமலர் ராகேல் என்று முன்பே முடிவுசெய்துவிட்டாள்.)

முடிவு ஆ: நாச்சியார் அந்த ஃப்ளெக்ஸைக் கட்டிப்பிடித்துக்கொண்டு… (இல்லை. அவர் அப்படிச் செய்கிறவர் இல்லை.)

நடந்தது இதுதான். வீடு திரும்பும் நாளன்று ஜெபசிங் மடித்த ஃப்ளெக்ஸோடு வந்து நின்றான். "எவ்வளவு கழுவியும் கறை முழுசாப் போகல அக்கா. புதுசா அடிச்சுத் தரட்டா? இல்ல, இதையே கட்டட்டா?"

நாச்சியார் ராகேலை மடியில் சாய்த்துக்கொண்டு ஒற்றைக் கையால் அதை விரித்தார். லிங்கத்தின் முகத்தைப் பார்த்தார். பதில் சொல்ல வாயெடுத்தார்.

அந்த நேரம் பார்த்து, காலையிலேயே பிரசவ அறைக்குக் கொண்டுபோயிருந்த ஸ்ரீலக்ஷ்மியின் பெயரைச் சொல்லி நர்ஸ் கூப்பிட்டாள். ஓடினேன். பேரன் பிறந்திருந்தான். அவனைப் பார்த்துவிட்டு, நாச்சியாரிடம் சொல்ல ஓடிவந்தபோது கட்டில் காலியாக இருந்தது.

ஜெபசிங்கின் எண் என்னிடம் இருக்கிறது. கேட்கப் போவதில்லை. அந்தப் பதிலை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எப்படி எழுதினாலும் நாச்சியாரை அழவைத்துவிடாதீர்கள். நர்ஸ் கூப்பிட்டு ஓடுகையில் நான் திரும்பிப் பார்த்தபோது அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.