ஒன்பது பத்து முதல் ஆறேகால் வரை

அக்கா வீட்டு வாசலில் மீட்டர் முள் கடைசிக் கோட்டைத் தொட்டபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. இரண்டு வாரமாக ஆன்டெனாவைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக அலைந்து, கண்டவர் வீட்டுச் சமையலறையிலெல்லாம் தலையை நீட்டி, கடைசியில் கூடப்பிறந்தவள் வீட்டிலேயே திருட்டு அலை. ஊரில் எனக்கு மோப்பக்காரன் என்று பெயர். இனி என்னவெல்லாம் சொல்லிச் சிரிப்பார்களோ என்றுதான் முதலில் தோன்றியது.

எங்கள் ஊரில் செல்போன் கிடையாது. குன்றுக்கு அந்தப் பக்கம் ரேடியோ தொலைநோக்கி இருப்பதால், சுற்றுவட்டாரத்தில் எதுவும் அலை வீசக்கூடாது என்பது சட்டம். மீறுகிற கருவியைத் தேடிப்பிடித்து, படிவத்தில் முகவரி எழுதிக் கொடுப்பது என் வேலை. மறுநாளே காவலர்கள் வேனில் வந்து அள்ளிக்கொண்டு போவார்கள். இந்த முறை கெட்டுப்போனது தொலைநோக்கி நிலையத்து விஞ்ஞானி மேடத்தின் எட்டு மாத உழைப்பு. அவர் ஒரே ஒரு கேலக்ஸியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அது இப்போது பகலில்தான் தலைக்கு மேலே வருகிறது. படத்தைக் கணினியில் காட்டினார். இரண்டு பக்கமும் ராட்சச மேகங்கள், நடுவில் ஒரு புள்ளி.

"சாதாரண தொலைநோக்கில பாத்தா இது உருண்டையா, சாதுவா தெரியும். ஒரு அலட்டல் இருக்காது," என்றார். "நடுவுல இருக்கற கருந்துளைய யாரும் பாக்க முடியாது. ரெண்டு பக்கமும் எவ்வளவு தூரத்துக்குப் பீய்ச்சி அடிச்சிருக்குன்னு பாத்துதான் அது என்ன பண்ணுதுன்னே தெரியும். லட்சக்கணக்கான ஒளியாண்டு. அதுக்குக் குறுக்கால உங்க ஊர் ஆள் எவனோ கத்திட்டிருக்கான். இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள முகவரி வேணும்."

அந்த 'எவனோ'வின் நேரக்கணக்கு எனக்கு மனப்பாடம். காலை ஒன்பது பத்துக்குத் தொடங்கும், மாலை ஆறேகாலுக்கு நிற்கும். வெள்ளிக்கிழமைகளில் சத்தமே இருக்காது.

"வா தம்பி! மாமா கடைக்குப் போயிட்டாரு. நான் இப்பத்தான் துணியெல்லாம் காயப்போட்டுட்டு வந்தேன்!" அக்கா உரக்கச் சொன்னாள். கொஞ்ச நாளாகவே இப்படித்தான். காய் நறுக்கப் போகிறேன், மாடிக்குப் போகிறேன் என்று ஒவ்வொன்றையும் அறிவித்துவிட்டுத்தான் செய்வாள். யாருக்குக்கா இந்த கமெண்டரி என்று போன மாதம்கூடக் கிண்டல் செய்தேன். அவள் சிரிக்கவில்லை.

"உன் ஃப்ரிட்ஜ் மோட்டாரைப் பாக்கணும்க்கா," என்றேன். எந்த வீட்டிலும் நான் முதலில் சொல்வது இதுதான். அலை என்று சொன்னால் பொருளை ஒளித்துவிடுவார்கள்.

ஹெட்போனை மாட்டிக்கொண்டு சமையலறைக்குப் போனேன். ஃப்ரிட்ஜ் பக்கம் முள் தணிந்தது. மேடைக்குக் கீழே, மிக்ஸி செருகியிருந்த சுவிட்ச் பலகையை நோக்கி ஆன்டெனாவைத் திருப்பியதும் எகிறியது. அங்கே சார்ஜர்போல வெள்ளையாக ஒரு சின்னப் பெட்டி செருகியிருந்தது. செல்போனே இல்லாத ஊரில் சார்ஜர் எதற்கு? குனிந்து பார்த்தேன். அதன் அடியில் ஊசி முனை அளவுக்கு ஒரு துளை.

ஹெட்போனில் என் மூச்சு எனக்கே கேட்டது.

இரண்டு தெரு தள்ளி மாமாவின் மூக்குக்கண்ணாடிக் கடை. ஒன்பது பத்துக்குக் கிளம்புவார். வெள்ளிக்கிழமை கடை விடுமுறை. எறும்பைக்கூட மிதிக்காமல் ஒதுங்கிப் போகிற மனிதர் என்று அம்மாவுக்குப் பெருமை. வாடிக்கையாளர் கண்ணைச் சோதிக்கும்போதும் இடது காதில் இயர்போன் இருக்கும். பாட்டுப் பைத்தியம் என்று ஊரே சொல்லும், நானும் சொல்லியிருக்கிறேன். சாவிக்கொத்தில் ஒரு கறுப்புப் பட்டன் தொங்கும். கடை ஷட்டருக்கு என்று ஒருமுறை சொன்னார். மாலை ஆறேகாலுக்குக் கேட்டருகே வந்து அதை அவர் அமுக்குவதை நானே பார்த்திருக்கிறேன். வீட்டு வாசலில் எதற்கு ஷட்டர் பட்டன் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஊரார் வீட்டையெல்லாம் மோப்பம் பிடித்தவனுக்கு இது எட்டவில்லை. எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது.

"மோட்டார்தான்க்கா, பழசாயிடுச்சு," என்று சத்தமாகச் சொல்லிவிட்டு, படிவத்தைத் திருப்பிப் போட்டு எழுதினேன்: 'அந்த வெள்ளைப் பெட்டி வழியா மாமா நீ பேசறதெல்லாம் கேட்கிறார்.'

அக்கா படித்தாள். முகத்தில் ஆச்சரியமே இல்லை. பேனாவை வாங்கிக்கொண்டு நின்றபடியே எழுதினாள். பிளாஸ்டர் பிரித்து இருபது நாள்தான் ஆகிறது, எழுத்து கோணல்மாணலாக வந்தது. ஒவ்வொரு எழுத்துக்கும் நேரம் எடுத்தாள்.

'தெரியும். எடுக்காதே. போன தடவை எடுத்தேன்.'

பேனாவை இடது கைக்கு மாற்றி, அதன் முனையால் வலது மணிக்கட்டைத் தொட்டுக் காட்டினாள். குளியலறையில் வழுக்கி விழுந்ததாகச் சொன்ன கை. அன்று அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனது நான்தான். பின்சீட்டில் மாமா அவள் கையைத் தாங்கிப் பிடித்தபடி, மெதுவா போப்பா, பள்ளத்துல விடாதே என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

'இப்பவே என்கூட வா,' என்று எழுதினேன்.

தலையசைத்து மறுத்தாள். 'வியாழக்கிழமை. சரக்கு எடுக்க டவுனுக்குப் போவார். ராத்திரிதான் திரும்புவார். துணி எடுத்து வைத்துவிட்டேன். தோழி வீடு பேசி வைத்திருக்கிறேன். அதுவரை இது கத்திக்கொண்டே இருக்கட்டும்.'

அன்று செவ்வாய்க்கிழமை. நான் முகவரி எழுதிக் கொடுத்தால் நாளைக்கே வேன் வந்துவிடும், அவளுடைய வியாழக்கிழமை போய்விடும். மேடத்தின் எட்டு மாதம் பாழாகட்டும், என் வேலையே போகட்டும். படிவத்தின் முகவரிக் கட்டத்தில் 'கண்டுபிடிக்க முடியவில்லை' என்று எழுதி அவளிடம் காட்டினேன். அவள் அதை இரண்டு முறை படித்தாள். முதல்முறையாகக் கண் கலங்கி, சத்தம் வராமல் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். எவ்வளவு நேரமென்று தெரியாது.

அப்போதுதான் ஹெட்போனில் இரைச்சல் அறுந்தது. மேடைமேல் மீட்டர் முள் சரிந்து பூஜ்யத்தில் படுத்தது.

சுவர்க்கடிகாரத்தில் மணி பதினொன்று இருபது.

அக்கா முள்ளைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். எழுத ஆரம்பித்ததிலிருந்து நாங்கள் இருவரும் ஒரு வார்த்தைகூடப் பேசியிருக்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

வெளியே கேட் தாழ்ப்பாள் விழுந்தது. அக்கா படிவத்தைப் பிடுங்கி அடுப்பைப் பற்றவைத்தாள். காகிதம் சுருண்டு எரிய, எரியாத முனையை அந்த மெலிந்த கையால் பிடித்தபடி, எப்போதும்போல உரத்த குரலில் பேச ஆரம்பித்தாள்.

"டீ குடிச்சிட்டுப் போ தம்பி. இதோ, பால் வெக்கப்போறேன்."