முதல் ஆணியில் எந்தத் தகரம்

1.
இந்தக் கதை என் பொய்யிலிருந்து பிறந்தது. 1953-இல் திருவொற்றியூர்ப் பட்டறை ஒன்றில் நான் நேரம் குறிக்கும் குமாஸ்தா. அந்தச் சம்பவத்தின்போது நான் அங்கே இல்லை என்று எல்லாரிடமும் சொல்லி வந்தேன். இருந்தேன்.

2.
'அன்று காலை கடல்...' (அடித்துவிட்டேன். கடலுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?)

பட்டறையில் ஒரு லேத், ஒரு டிரில். எந்த வேலையானாலும் லேத்தில் கடைந்த பிறகுதான் டிரில்லில் துளை. மேஸ்திரி அம்புரோஸ் வேலைக்கொரு தகரத்துண்டை ஆணிகளில் வரிசையாக மாட்டுவார். லேத்தில் சீக்கிரம் முடிவது முன்னால். இல்லாவிட்டால் டிரில் சும்மா நிற்கும். முதல் ஆணியில் தொங்குவதைத்தான் லேத்துக்காரர் முதலில் எடுப்பார். அதை முதலாளிகூடக் கேள்வி கேட்கமாட்டார்.

3.
அன்று இரண்டே தகரம். கப்பல் பம்பின் தண்டுக்கு லேத்தில் ஒரு மணி, டிரில்லில் மூன்று. எண்ணூர் லாஞ்சின் (மோட்டார் படகின்) தண்டுக்கு லேத்தில் மூன்று, டிரில்லில் ஒன்று. மணி எட்டு. கப்பல் முந்தினால் அது பன்னிரண்டுக்கு முடியும், லாஞ்சு ஒன்றுக்கு. லாஞ்சு முந்தினால் அது பன்னிரண்டுக்கு, கப்பல் மூன்றுக்கு. (சரிபார்க்க வேண்டாம். ஆயிரம் முறை பார்த்தாயிற்று.)

லாஞ்சுக்காரரின் மனைவி கெங்கம்மா வாசலில் நின்று அம்புரோஸிடம் கேட்டாள். "பன்னெண்டுக்குத் தண்டு கைக்கு வரணும் அண்ணாத்தே. சாயங்காலம் ஆபீசர் பாக்க வர்றப்போ லாஞ்சு ஓடலேன்னா, படகு வுடற தொறைக் குத்தகைய வேற ஆளுக்குக் குட்துடுவாங்கோ."

"கப்பலுக்கு மத்தியானம் ரெண்டு மணிக்குக் கெடு கீது. தவறிச்சுன்னா என்னை வூட்டுக்கு அனுப்பிடுவாரு மொதலாளி. இன்னாம்மா பண்றது?"

அம்புரோஸ் கப்பல் தகரத்தை முதல் ஆணியில் மாட்டிவிட்டு டீ குடிக்கப் போனார். கெங்கம்மா என் பக்கம் திரும்பினாள்.

"நீ மாத்தி மாட்டிடேன் தம்பி. லேத்துக்காரரு இன்னும் வரல."

4.
முடிவு அ: மாற்றினேன். லாஞ்சு ஓடியது. அம்புரோஸ் மறுநாள் வேலையில் இல்லை. கடைசிவரை என்னைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை.

முடிவு ஆ: மாற்றவில்லை. துறை போனது. கெங்கம்மா குடும்பம் எங்கே போனதென்று...

(எது முன்னால் வருகிறதோ அதைத்தானே நம்புவீர்கள்? அதனால்தான் எனக்குக் கொஞ்சம் நல்ல பெயர் தருவதை முதலில் மாட்டினேன். வெட்கமாக இருக்கிறது.)

5.
இரண்டு தகரங்களையும் கழற்றிக் கையில் வைத்திருந்தேன். அதுவரை உண்மை. அதற்கு மேல் எழுத எனக்குத் தைரியம் இல்லை.

இந்தாருங்கள், நீங்கள் பிடியுங்கள். கீழே வைத்துவிட்டுப் போகலாம் என்று பார்க்காதீர்கள். லேத் நின்றால் இருவருமே கெடுவார்கள். லேத்துக்காரர் கை துடைத்துக்கொண்டு வருகிறார். கெங்கம்மா உங்களைத்தான் பார்க்கிறாள்.