பொத்துவில் மீராசாவின் கழுத்து

புடவைக்கடை ஜெஸீமுக்குக் கழுத்துப் பிடித்திருந்த நாட்களில், பள்ளிவாசலில் அவருக்கு இடப்பக்கம் நின்று தொழுதவர்களுக்குச் சிரிப்பை அடக்குவதே பெரும்பாடு. தொழுகையை முடிக்கும்போது முகத்தை வலப்பக்கம் ஒருதரம், இடப்பக்கம் ஒருதரம் திருப்பி ஸலாம் சொல்ல வேணும் அல்லவா? வலப்பக்கம் ஒருமாதிரித் திரும்பிவிடும். இடப்பக்கம் என்றால் தோள், நெஞ்சு, இடுப்பு எல்லாம் சேர்ந்து, நெல் ஏற்றின லொறி முடக்கில் திரும்புகிற மாதிரித் திரும்பும். பக்கத்தில் இருக்கிற ஆள் பாவம், அந்த லொறிக்கு ஒதுங்கிக் கொடுப்பார்.

நோவு வந்த காரணம் மனுசனுக்கு நன்றாகத் தெரியும். பெருநாள் சாமான் வந்திறங்கின அன்று, மேல்தட்டிலிருந்த சாரன் துணிக் கட்டை எடுக்க ஏணியில் ஏறி, கட்டோடு சேர்ந்து தலைகீழாக விழுந்தார். கடையில் அந்நேரம் ஒரு ஈ காக்கா இல்லை. "அல்ஹம்துலில்லாஹ், ஆரும் காணல்ல" என்பதுதான் எழும்பினதும் அவர் வாயில் வந்த முதல் வார்த்தை. ஏணியில் ஏறக்கூடாது என்று மனைவி பாஹிமா தலைபாடாக அடித்துச் சொல்லியிருந்தாள். விழுந்ததைச் சொன்னால் நோவைவிட அவள் பேச்சுத்தான் கூட நாளைக்கு இருக்கும். ஆகவே தலகாணியில் பழியைப் போட்டார். பாஹிமாவும் நம்பி, வீட்டிலிருந்த தலகாணி எல்லாவற்றையும் பிரித்துப் புதுப் பஞ்சு அடைத்தாள்.

இந்த நேரம் பார்த்துத்தான் மகள் ஹிமாயாவுக்கு மாப்பிள்ளைப் பேச்சும் நடந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளை சாய்ந்தமருது ஸாஜித். மலேசியாவில் படித்துவிட்டு வந்து, பிரதான வீதியில் முள்ளந்தண்டு வைத்திய நிலையம் திறந்திருந்தான். ஹிமாயா வாயைத் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் ஃபோனில் வந்த அவன் படத்தை அவள் பெருப்பித்துப் பெருப்பித்துப் பார்த்ததைப் பாஹிமா கண்டிருந்தாள். தாய்க்கு வேறென்ன சாட்சி வேணும்?

ஜெஸீமுக்கு மனம் ஆறவில்லை. நம்முடைய பக்கத்தில் பெண் வீட்டார்தான் போய் மாப்பிள்ளை கேட்பது. மகளுக்கு வீட்டைக் கட்டி, மாப்பிள்ளையை அந்த வீட்டுக்கே எடுப்பது. ஆயுசுக்கும் தன் கண்ணுக்கு முன்னால் திரியப்போகிறவனைச் சோதிக்காமல் எடுப்பதா? ஒரு முழத் துணியைக்கூட விரலால் கசக்கிப் பார்க்காமல் வாங்காத மனுசன் அவர். "ஆளையும் பாத்த மாதிரி, கழுத்துக்கும் ஒரு வழி பிறந்த மாதிரி" என்று திட்டம் போட்டார். பழைய சாரன், கண் வரைக்கும் இறக்கின தொப்பி, மூக்குக்கு மேலே ஏற்றின மாஸ்க். பெயர் மீராசா, ஊர் பொத்துவில், தொழில் மீன் யாவாரம் என்று ஸாஜிதின் வைத்திய நிலையத்தில் பதிந்து, வாய்க்கு வந்த ஃபோன் நம்பரையும் கொடுத்தார்.

முள்ளந்தண்டு வைத்தியம் என்றால் என்னவென்று அவருக்கு ஃபோனில் பார்த்துத் தெரியும். வெள்ளைக்காரன் ஒருத்தன் கழுத்தைப் பிடிப்பான், ஒரு திருகு திருகுவான், சடக் என்று சத்தம் வரும், ஆள் எழும்பிச் சிரித்துக்கொண்டு போகும். அந்தச் சடக்கைக் கேட்கத்தான் அவர் வந்திருந்தார்.

ஸாஜித் சடக்கைத் தவிர மற்றெல்லாம் செய்தான். பின்கழுத்தை விரலால் தடவினான். கையைப் பொத்திப் பிடிக்கச் சொன்னான். தலைச்சுற்று இருக்கா, கண் ரெண்டாகத் தெரியுதா, விரல் விறைக்குதா என்று கேட்டான்.

"விறைக்குது. அது மீன்பெட்டி தூக்கின விறைப்பு."

"எங்கயும் விழுந்தீங்களா காக்கா?" என்று மூத்த அண்ணனைக் கேட்கிற மாதிரிக் கேட்டான்.

"இல்ல."

"மோட்டார் சைக்கிள்ல? மரத்தில? படியில?"

"நான் ஏன் தம்பி விழுறன்? நீங்க ஒரு திருப்புத் திருப்புங்க, எனக்கு லொறி போற நேரம்."

அவன் கையை எடுத்துவிட்டான். "நீங்க சொல்றது ஒண்டு, உங்கட கழுத்து சொல்றது வேற. எலும்புல உடைவு இருக்குமோ எண்டு எனக்குப் பயமாக் கிடக்கு. எக்ஸ்ரே படம் எடுக்காம இதத் திருப்ப மாட்டன்."

"சத்தம் வந்தாச் சரியாப் போயிரும்."

"சத்தத்தில ஒண்டும் இல்ல காக்கா. அது மூட்டுக்குள்ள இருக்கிற காத்துக் குமிழி. கழுத்தெலும்புக்குள்ளால மூளைக்கு ரத்தக் குழாய் போகுது. நல்ல கழுத்தத் திருப்பினாலும் ஒரு துளி ஆபத்து இருக்கத்தான் செய்யும், அதச் சொல்லிப்போட்டுத்தான் நான் கையே வைக்கிற. உடைஞ்ச கழுத்தத் திருப்பினாக் கை கால் விளங்காமப் போயிரும்."

"அப்ப என்னத்துக்குக் கடையத் திறந்து வச்சிருக்கீங்க?"

"இடுப்புக்குச் செய்வன், தோளுக்குச் செய்வன், கழுத்துக்கும் செய்வன். உங்கட கழுத்துக்குச் செய்ய மாட்டன்." ஒரு துவாயை மடித்துக் கழுத்தைச் சுற்றிக் கட்டி, மோட்டார் சைக்கிளில் போகாமல் ஓட்டோவில் நேரே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னான். ஜெஸீம் முதல் சந்தியிலேயே துவாயை அவிழ்த்தார். மோட்டார் சைக்கிளில்தான் வீட்டுக்கு வந்தார்.

வந்த கையோடு, கோபம் ஆறுவதற்குள், மாப்பிள்ளை வீட்டுக்கு ஃபோன் எடுத்து இந்தச் சம்பந்தம் நமக்குச் சரிவராது என்றும் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகுதான் பெண்சாதி பிள்ளைக்கு விளக்கம்.

"அவனுக்குக் கைவேலை தெரியா. ஒரு கழுத்தத் திருப்பப் பயப்பிடுறான். நாளைக்குச் சலூன்காரன் குணத்திட்டக் குடுத்தா ஒரு நொடியில எடுத்து உட்டுருவான்."

ஹிமாயாவின் முகம் கறுத்துப் போனது. "வாப்பா, அவர் என்ன கேட்டவர்?"

"விழுந்தியா விழுந்தியா எண்டு ஒரே கேள்வி. பொலிஸ்காரன் மாதிரி."

"நீங்க விழுந்தீங்களா?"

ஜெஸீம் தாடியைத் தடவினார். முப்பது வருசமாக அந்தத் தாடியைப் பார்த்துக்கொண்டிருக்கிறவள் பாஹிமா. பொய் வரும்போதுதான் கை அங்கே போகும் என்று அவளுக்குத் தெரியும். "இஞ்சாருங்க, ஏணியா?" என்றாள். அவர் கை தாடியை விட்டு இறங்கவில்லை. "யா அல்லாஹ், நான் தலகாணி தலகாணியாப் பிரிச்சேனே" என்று அவள் நெஞ்சில் கை வைத்தாள். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். இவருடையது அதைவிடக் கொஞ்சம் கூடத்தான் தாக்குப்பிடித்திருந்தது.

அன்றைக்கே ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார்கள். படத்தைப் பார்த்த ஆஸ்பத்திரி டொக்டர் கதிரையை இழுத்துப் போட்டு இருந்துகொண்டுதான் பேசினார். கழுத்தெலும்பில் மயிரளவு வெடிப்பு. கழுத்துப்பட்டி போட்டு ஆடாமல் அசையாமல் வைத்தால் பொருந்திவிடும். "ஆரும் இதத் திருக்கிப் பாக்கல்லயே?" என்று கேட்டார். "நல்ல காலம். திருக்கியிருந்தா நீங்க இப்ப நடந்து வந்திருக்க மாட்டீங்க. உசிரோட வந்திருப்பீங்களோ எண்டும் சொல்லேலாது."

ஜெஸீமுக்கு அப்போதுதான் விளங்கியது. தன் மௌத்தை, தன் சாவைத் தானே கேட்டுப் போயிருக்கிறார். கேட்டதைக் கொடுக்காத பிள்ளையைத்தான் கைவேலை தெரியாதவன் என்று தள்ளியிருக்கிறார். மகளை நிமிர்ந்து பார்க்க அவருக்குக் கூச்சமாக இருந்தது. அவளோ பட்டியின் விளிம்பு உறுத்தாமல் தன் கைக்குட்டை லேஞ்சியை மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். சம்பந்தத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதுதான் அவரை வாட்டி எடுத்தது.

முறித்த சம்பந்தத்தைத் திரும்பக் கேட்டுப் போவது சின்ன விசயமா? மானமுள்ள மனுசன் அந்தப் பக்கமே தலை காட்ட மாட்டான். ஆனாலும் வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு பாஹிமா இனிப்புக்கு வட்டிலப்பச் சட்டியைத் தூக்க, ஜெஸீம் கழுத்துப்பட்டியோடு ஓட்டோவில் ஏறினார். "சிரிக்கிறவன் சிரிக்கட்டும். என்ட புள்ளைக்காக நான் காலிலயும் விழுவன்" என்றார்.

"ஏணியில விழுந்தது காணும்" என்றாள் பாஹிமா.

ஸாஜிதின் தாய் றுகையா கதிரை போட்டாள், தேத்தண்ணி கொடுத்தாள், முகத்தை மட்டும் கொடுக்கவில்லை. "வேணாம் எண்டு சொன்ன ஆக்கள், பொறகென்ன?"

"பிழை என்னில மதினி" என்றார் ஜெஸீம். "தம்பியிட்ட நேராக் கதைக்க வேணும். இருக்காரா?"

"எங்க இருக்கான்? பொத்துவிலுக்குப் போயிட்டான். இந்தக் கிழமை மூணாந்தரம்." றுகையாவுக்கு அந்தக் கோபம் இந்தக் கோபத்தைவிடப் பெரிதாக இருந்தது போல, பொரிந்து தள்ளினாள். "ஆரோ ஒரு மீன் யாவாரி மீராசாவாம். கழுத்து உடைஞ்ச மனுசன், பொய் நம்பரைக் குடுத்திட்டுப் போயிட்டான். ஆரும் சலூன்காரன் திருப்பிப் போட்டா ஆள் முடிஞ்சிரும் எண்டு இவன் சோறு தண்ணி இல்லாமத் தேடித் திரியிறான். மீன்வாடி வாடியா ஏறி இறங்கி, பொத்துவில்ல இருக்கிற மீராசா எல்லாரிட கழுத்தையும் தடவிப் பாத்திட்டான். அவங்க இவனக் கண்டதும் இடுப்பு நோவு, முழங்கால் நோவு எண்டு வரிசையில நிக்கிறாங்களாம். அந்தப் பொய்க்காரன் மட்டும் அம்புடுறானில்ல. நாசமறுப்பான், எந்த உம்மா பெத்த புள்ளையோ."

பாஹிமா வட்டிலப்பச் சட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய தோள் குலுங்கியது. சிரிப்பா அழுகையா என்று ஜெஸீமுக்குத் தெரியவில்லை. அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. குனிந்து துடைக்கலாம் என்றால் பட்டி விடவில்லை. கண்ணீர் தாடிக்குள் இறங்க, நேரே பார்த்தபடி இருந்தார்.

அந்நேரம் வாசலில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. ஸாஜித் புழுதியும் மீன்வாடையுமாக உள்ளே வந்தான். "இண்டைக்கும் அம்புடல்ல உம்மா" என்றவன், வந்திருக்கிற ஆட்களைக் கண்டு ஸலாம் சொன்னான். ஜெஸீமின் முகத்தை அவன் முன்பு கண்டதில்லை. கழுத்தைக் கண்டவன். சொல்ல வந்ததை விட்டுவிட்டு நேரே அவருக்குப் பின்னால் போனான். இரண்டு விரலை விட்டுப் பட்டி இறுக்கமா என்று பார்த்தான்.

"படம் எடுத்தீங்களா?"

"எடுத்தன் மகன். வெடிப்பு இருக்கு எண்டு சொன்னாங்க."

"ஆரும் திருப்பல்லயே?"

"இல்ல."

ஸாஜித் நீளமாக மூச்சு விட்டான். பக்கத்துக் கதிரையில் தொப்பென்று இருந்தான். இருந்தவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. களைப்பில் வந்த சிரிப்பு, நிறுத்த முடியவில்லை. வட்டிலப்பச் சட்டியையும், வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிற தாயையும், கண் கலங்கின இந்த மனுசனையும் மாறி மாறிப் பார்த்ததில் அவனுக்கு மெல்ல மெல்ல எல்லாம் விளங்கிக்கொண்டு வந்தது.

"என்ட பேர் மீராசா இல்ல" என்றார் ஜெஸீம். "நான் ஜெஸீம். ஹிமாயாட வாப்பா. உங்களச் சோதிக்க வந்தன் மகன். என்ட உசிர நீங்க காப்பாத்தினீங்க. நான் உங்களக் கைவேலை தெரியாத ஆள் எண்டு சொன்னன். இப்ப திரும்பக் கேக்க வந்திருக்கன். வேணாம் எண்டு சொன்னாலும் குறை சொல்ல மாட்டன்."

றுகையா மகனைப் பார்த்தாள். ஸாஜித் எழும்பி, பட்டி விளிம்பில் நழுவியிருந்த லேஞ்சியைச் சரிசெய்தான். ஓரத்தில் சின்னதாகப் பூத் தைத்த பெண்பிள்ளை லேஞ்சி அது. அதை மடித்தவள் யாரென்று அவன் கேட்கவில்லை, காது மட்டும் சிவந்துபோனது.

"இனி மோட்டார் சைக்கிள்ல ஏறப்படாது மாமா" என்றான். "போகேக்க நான் வாகனத்தில கொண்டுபோய் உடுறன்."